காலமல்லாக் காலத்தில் அலெக்சாந்திரியா

ஊர் காணப் புறப்படுவோர் முதலிற் கேட்கும் வினா, "எக்காலத்திற் போவது நன்று?" என்பதாகும். பிரயாண முகவர் அச்சிட்டு வழங்கும் கைந்நூல்களில் அதற்கு விடை ஆயத்தமாக இருக்கின்றது. மத்தியதரைக் கடற்கரைப் பட்டினங்களுக்குப் போவதாயின் ஏப்பிரல் முதல் ஒக்டோபர் வரை போக வேண்டும், நவெம்பர் தொடக்கம் மார்ச் வரை மழையும் காற்றுமாக இருக்கும், கடைகள் பூட்டியிருக்கும், கடலிற் குளித்தல் இயலாது, ஆதலின் அக்காலத்தைத் தவிர்ப்பதே நன்று என்று அவை கூறும். கூறுவன யாவும் உண்மையே. ஆயினும் உண்மையான காரணங்களிலிருந்து பிழையான முடிபு பிறத்தலும் உண்டு. ஒரு துறைமுகப் பட்டினத்தை அறிய விரும்புவோன் அதன் காலமல்லாக் காலத்திலேயே அங்குச் செல்லல் வேண்டும் என்பது யான் கொண்ட துணிபு. அதற்குரிய காரணங்களை எடுத்துரைக்கவும், அதற்கு எதிராகச் சொல்லத்தக்கனவற்றை மறையாது கூறவும் இக்கட்டுரையில் முயல்கின்றேன்.

யான் முப்பதாண்டுக் காலம் பாடசாலையிற் புவியியல் கற்பித்தவன். ஒவ்வோராண்டும் முதற்றவணையிலே எரத்தோஸ்தனிஸ் என்னும் அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணித்த வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பேன். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்தவர் அவர். ஜூன் மாதத்து நெடும்பகல் நாளன்று, நண்பகலில், தெற்கே சயீன் என்னும் ஊரிற் கதிரவன் நேர் உச்சியில் நின்று கிணற்றின் அடிவரை ஒளி வீசுகின்றது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நாட்டிய கோலுக்கு நிழல் விழுகின்றது. அந்நிழல் காட்டும் கோணம் முழுவட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தூரம் 5,000 ஸ்தாதியம். ஆதலின் பூமியின் சுற்றளவு 250,000 ஸ்தாதியம் என்றார். ஒரு கோலும் ஒரு நிழலும் கொண்டு உலகை அளந்த அந்நகரை முப்பது முறை சுண்ணக்கட்டியால் வரைந்தேன். ஒரு முறையேனும் கண்டதில்லை. பணியினின்று ஓய்வு பெற்றபின், 2019 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு, அதனைக் காணப் புறப்பட்டேன். அக்காலத்தை யான் தேர்ந்தெடுத்ததற்கு உயரிய நோக்கம் எதுவும் இல்லை. விமானச் சீட்டும் விடுதி அறையும் அப்பொழுதுதான் என் ஓய்வூதியத்துக்கு அடங்கும் விலையிற் கிடைத்தன.

கெய்ரோவிலிருந்து புகையிரதத்திற் சென்றேன். 1856 இல் நிறைவெய்திய அப்பாதையே ஆபிரிக்கக் கண்டத்தின் முதற் புகையிரதப் பாதை என்பர். வழிநெடுகத் தூறல். விடுதி வாயிலில் இருந்தவர் என் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இலங்கையிலிருந்தா? இந்தக் காலத்திலா?" என்று கேட்டார். அக்கேள்வியில் ஏளனம் இல்லை, இரக்கமே இருந்தது. கோடையில் நிறைந்து வழியும் அவ்விடுதியில் அன்று மூன்று அறைகளிலேதான் ஆட்கள் இருந்தனர்.

முதல் நாள் மாலை எனக்கும் ஏமாற்றமாகவே இருந்தது என்பதை ஒளிப்பதற்கில்லை. கடற்கரைப் பெருவீதி நெடிது வளைந்து சென்றது. கரையிலே நாற்காலிகள் அடுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அலைகள் தடுப்புச் சுவரை மீறி வீதியில் வந்து விழுந்தன. எரத்தோஸ்தனிசின் கோலை மனத்திற்கொண்டு சென்றவனுக்குச் சூரியனையே காணவில்லை. மறுநாள் நண்பகலிற் சற்று நேரம் வெயில் எறித்தது. அப்பொழுது என் நிழலை நோக்கினேன். அது என் உயரத்திலும் நீண்டு கிடந்தது. யாழ்ப்பாணத்தில் எந்த மாதத்திலும் நண்பகல் நிழல் அவ்வளவு நீளுவதில்லை. முப்பதாண்டு கற்பித்த பாடத்தை அன்றுதான் என் உடம்பு கற்றுக்கொண்டது எனலாம்.

அலெக்சாந்திரியாவுக்குக் காலம் என்பது கோடை. கெய்ரோவின் வெப்பந் தாங்காத மக்கள் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிற் குடும்பத்தோடு இங்கு வந்து குவிகின்றனர். மாரியிலோ அவர்கள் வருவதில்லை. நகரில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். மாரிக்காலத்தில் அவர்களே நகருக்கு உரியவர்கள். வீதியோரத்தில் இரும்பு அடுப்பு வண்டியிற் சுட்ட வற்றாளங்கிழங்கு விற்கின்றார்கள். சுண்டற்கடலையை அவித்து, எலுமிச்சம்புளியும் மிளகாயும் இட்டு, அச்சாற்றைக் கண்ணாடிக் குவளையிற் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருகின்றார்கள். இவை வெளியூராருக்காகச் செய்யப்படுவன அல்ல. குளிருக்கு ஒடுங்கிப் பாடசாலையிலிருந்தும் பணிமனையிலிருந்தும் வீடு திரும்புவோர் வாங்கி உண்பன. விலை கேட்டபோது எனக்கென்று ஒரு தனி விலை சொல்லப்படவில்லை. வெளியூரான் என்பதை எவரும் பொருட்படுத்தாத ஒரு நிலை வேண்டுமென்றுதானே மெய்யான பிரயாணி ஏங்குகின்றான்! கோடையிற் பணங்கொடுத்தும் பெறமுடியாத அந்நிலை மாரியில் இனாமாகக் கிடைக்கின்றது.

அங்குள்ள மீனவர் மாரிப்புயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். புயலை அவர்கள் நவ்வா என்பர். நவெம்பர் நடுவில் வருவது மக்னசா; துடைப்பம் என்பது அதன் பொருள். டிசெம்பர்த் தொடக்கத்தில் வருவது காசிம். ஜனவரி நடுவில் பெருவெள்ளப் புயல், அதனையடுத்துக் கித்தாஸ். நம் கரையோர மக்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயர் வைத்து அதன்படி தொழில் நடத்துவது போன்றதே இதுவும். கித்தாஸ் என்பது கொப்திக் கிறித்தவர் ஜனவரி 19 ஆம் நாளிற் கொண்டாடும் திருநாளின் பெயர். இயேசுபிரான் யோர்தான் நதியில் முழுக்குப் பெற்றதை நினைவுகூரும் நாள் அது. அப்புயலை இசுலாமிய மீனவரும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். அத்திருநாளிற் கொப்திக் மக்கள் கரும்பும் சேப்பங்கிழங்கும் உண்பது வழக்கம். நான்கு நாளின் முன் எம் முற்றத்துப் பொங்கற்பானையின் அருகே கரும்பை நிறுத்திவிட்டு வந்த எனக்கு, அச்சந்தையிற் கரும்புக்கட்டுக்களைக் கண்டபோது உண்டான உவகையைச் சொல்லி மாளாது. கோடையிற் போயிருப்பின் இப்பெயர்களுள் ஒன்றையேனும் கேட்டிருப்பேனோ என்பது ஐயமே.

இவ்விடத்தில் என் பிழையொன்றைக் கூறுதல் வேண்டும். கித்தாஸ் புயல் வந்த நாளிற் காயித்பே கோட்டையின் அருகே நின்று, அலைகள் பாறையில் மோதிச் சிதறும் காட்சியைக் கண்டு வியந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் ஆங்கிலம் அறிந்த மாணவன் ஒருவன் நின்றான். சற்று அப்பால் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவரை நோக்கி, "உங்கள் கடல் எத்துணை அழகு!" என்று அவன் வாயிலாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து நோக்கினார். "உஸ்தாத், துறைமுகத்தை மூடி நான்கு நாளாயிற்று. இக்கடலைப் பார்க்க உமக்கு அழகாயிருக்கின்றது. எனக்கு இது பூட்டிய கடை" என்றார். உஸ்தாத் என்றால் ஆசிரியர் என்பது பொருள். மதிப்பிற்குரிய எவரையும் அவ்வாறு அழைப்பது அந்நாட்டு வழக்கம். அவர் மரியாதையாகவே சொன்னார். ஆயினும் அச்சொல் எனக்குச் சுட்டது. ஆசிரியன் என்று அழைக்கப்பட்ட அந்நேரத்தில் யானே மாணவனாயிருந்தேன். பிறர் அடுப்பு அணைந்து கிடக்கும் நாளை அழகிய நாள் என்று கொண்டாடுதல் அறியாமை.

எனினும், அவ்வறியாமை நீங்கியதும் மாரியிலே சென்றதன் பயன் அன்றோ! துறைமுகம் என்பது வெறுங் காட்சியன்று. காற்றுக்கும் கடலுக்கும் அஞ்சி, அவற்றோடு ஒப்பந்தஞ் செய்து வாழும் மனிதரின் ஏற்பாடு. அவ்வச்சம் கோடையிற் புலப்படாது. அமைந்த நீலக்கடலைக் காண்போன், கரை நெடுகக் குவித்து வைத்திருக்கும் கொங்கிறீற்றுப் பாளங்களைக் கண்டு, "இவை ஏன் அழகைக் கெடுக்கின்றன?" என்று முகஞ் சுளிப்பான். புயல் நாளில் நிற்போனுக்கு அவ்வினா எழாது. கடல்மட்டம் உயர்வதால் இடருறும் பெருநகரங்களுள் ஒன்றாக அலெக்சாந்திரியாவை அறிஞர் எண்ணுகின்றனர். 2015 ஒக்டோபரிற் பெய்த பெருமழையில் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கி உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அதன் பின்னர் ஆளுநர் பதவி துறந்தார். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழையே பெறும் நகரம் அது. அம்மழை சில நாட்களிற் கொட்டித் தீர்க்கும்போது வடிகால்கள் தாங்குவதில்லை. இவையெல்லாம் ஓர் ஊரைப் பற்றி அறியத்தக்க செய்திகள் அல்லவா? கைந்நூல்கள் தவிர்க்கச் சொல்லும் மாதங்களிலேதான் இவை கண்ணிற்படுகின்றன.

மாரியிற் கடல் மூடப்படுதல் புதிய வழக்கமன்று. நவெம்பர் 11 ஆம் நாள் தொடக்கம் மார்ச் 10 ஆம் நாள் வரை கடல் மூடப்பட்டிருக்கும் என்று வெகேசியசு என்னும் உரோம ஆசிரியர் எழுதிவைத்தார். எகிப்தின் கோதுமையை ஏற்றி உரோமாபுரிக்குச் செல்லும் பெருங்கலங்கள் அந்நாட்களில் அலெக்சாந்திரியாவிற் கட்டுண்டு கிடக்கும். அதனை மீறிச் சென்ற அலெக்சாந்திரியக் கலமொன்று மால்த்தாக் கரையில் உடைந்த செய்தியை விவிலிய நூல் கூறுகின்றது. பவுலடியார் அக்கலத்தில் இருந்தார். நம் கடலோ அதற்கு மாறானது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களிலேயே தமிழகத்துத் துறைகளிலிருந்து யவனர் கலங்கள் மேற்கே பாய் விரித்தன. அவை செங்கடற் கரையை அடைந்து, சரக்குகள் ஒட்டகத்தின்மேல் பாலைநிலங் கடந்து, நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவைச் சேரும்போது வசந்தகாலம் வந்துவிடும். மத்தியதரைக் கடலும் திறந்துவிடும். ஒரு கடல் மூடியிருக்கும் காலம் மற்றொரு கடலுக்குத் தொழிற்காலம். வியன்னாவிலுள்ள ஒரு பப்பைரசு ஏடு இதற்குச் சான்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு 1985 இல் அறிஞரால் வெளியிடப்பட்டது. முசிறித் துறையோடு நடந்த வாணிகம் பற்றிய கடன் உடன்படிக்கையும், ஹெர்மபொல்லன் என்னும் கலம் ஏற்றிவந்த நறுமணப்பொருள், யானைத்தந்தம் ஆகியவற்றின் கணக்கும் அதில் உள்ளன. அலெக்சாந்திரியாவில் நூற்றுக்கு 25 பங்கு தீர்வை செலுத்தல் வேண்டும் என்பதும் அதனால் தெரிகின்றது. முசிறியின் பெயரை வகுப்பிற் பல முறை உச்சரித்திருக்கின்றேன். ஆனால் அச்சரக்கு ஏன் குறித்த மாதத்தில் அங்குப் போய்ச் சேர்ந்தது என்பதை, மூடிய துறைமுகத்தின் கரையில் நின்றபோதே தெளிவாக உணர்ந்தேன்.

காயித்பே கோட்டை நிற்கும் இடத்திலேதான் உலக அதிசயங்களுள் ஒன்றாகிய கலங்கரை விளக்கம் முற்காலத்தில் நின்றது. இப்னு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் 1326 இல் அதனைக் கண்டபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. பின்னர் அவர் 1344 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து அரசராகிய ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் உதவியோடு சிவனொளிபாத மலைக்குச் சென்றார். 1349 இல் மீண்டும் அலெக்சாந்திரியாவுக்குப் போனபோது விளக்கத்தின் வாயிலை அடையவும் இயலாதவாறு அது சிதைந்திருந்தது என்று எழுதினார். பூமியதிர்ச்சிகள் அதனை வீழ்த்தின. 1477 இல் எழத் தொடங்கிய கோட்டையே இன்று நிற்பது. விளக்கத்தைப் பார்த்த கண்களால் நம் அரசரையும் பார்த்த ஒருவர் இருந்தார் என்பதை எண்ணியவாறு, அங்கே ஒரு முற்பகல் முழுவதும் தனியே அமர்ந்திருக்க முடிந்தது. கோடையில் அவ்விடத்தில் நிற்பதற்கே இடம் கிடையாது என்று காவலர் சொன்னார்.

கல்வி கற்போருக்கும் கற்பிப்போருக்கும் உரிய இடங்கள் அந்நகரில் இரண்டு உள. ஒன்று கொம் எல் திக்கா. போலந்து நாட்டு ஆய்வாளர் 1960 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே அகழ்ந்து, உரோமர் காலத்து அரங்கொன்றையும், அதன் பக்கத்தில் இருபதளவான விரிவுரைக் கூடங்களையும் வெளிப்படுத்தினர். அவை கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் ஏழாம் நூற்றாண்டு வரை வழங்கியவை. சுவரை ஒட்டிப் படிப்படியாகக் கல்லாசனங்கள். நடுவில் உயர்ந்த இடத்தில் ஆசிரியர் இருக்கை. மழை ஓய்ந்த ஒரு காலையில் அங்கு யான் ஒருவனே இருந்தேன். மாணவர் வாங்கு ஒன்றில் அமர்ந்து ஆசிரியர் இருக்கையை நோக்கினேன். வகுப்பறை என்பது ஆயிரத்தைந்நூறு ஆண்டாக ஏறத்தாழ ஒரே வடிவமாயிருப்பதைக் கண்டபோது, என் தொழிலைப் பற்றி எனக்கிருந்த சிறு சலிப்பும் நீங்கிற்று.

மற்றையது 2002 ஒக்டோபரில் திறக்கப்பட்ட புதிய நூலகம். முற்கால நூலகம் இருந்த பகுதியின் அருகே, கடலை நோக்கிச் சரிந்த வட்டக் கூரையுடன் அது நிற்கின்றது. வெளிச்சுவர் அசுவான் கருங்கல். உலகின் 120 எழுத்துமுறைகளைச் சேர்ந்த எழுத்துக்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. வாசிப்பு மண்டபத்தில் ஏறத்தாழ 2,000 பேர் அமரலாம். கோடையில் அங்கே சுற்றுப்பிரயாணிகள் கூட்டங்கூட்டமாகச் சென்று படம் எடுப்பர். யான் சென்றது பரீட்சைக் காலம். மண்டபம் மாணவரால் நிறைந்திருந்தது. ஈரக் குடைகள் வாயிலிற் குவிந்திருந்தன. 2011 ஜனவரிக் கிளர்ச்சியின்போது அந்நகரத்து இளைஞர் கைகோத்து நின்று அந்நூலகத்துக்கு அரண் செய்தனர். ஏன் அவ்வாறு செய்தனர் என்பதைச் சுற்றுப்பிரயாணிகளின் இடையில் நின்று விளங்கிக்கொள்ள முடியாது. குனிந்து படிக்கும் அத்தலைகளின் இடையில் நின்று விளங்கிக்கொள்ளலாம். முற்காலத்தில் அத்துறைமுகத்துக்கு வரும் கலங்களிற் காணப்பட்ட நூல்களை அரசன் எடுப்பித்து, பிரதி செய்து, பிரதியை உடையவனுக்குக் கொடுத்து மூலத்தை நூலகத்தில் வைத்துக்கொண்டான் என்று கேலன் என்னும் மருத்துவர் எழுதியுள்ளார். உடையவனுக்கு அது நீதியாகத் தோன்றியிராது. எனினும் நூலுக்குத் தீர்வை வாங்கிய துறைமுகம் உலகில் வேறு எது?

நகர் நடுவிலுள்ள மன்சியாச் சதுக்கத்துக்கும் சென்றேன். 1882 ஜூலையிற் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டெறிந்து தாக்கிய வேளையில் அப்பகுதி எரிந்தழிந்தது. அதை எதிர்த்து நின்ற அகமது உராபி பாசா அவ்வாண்டே தோற்கடிக்கப்பட்டு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1883 தொடக்கம் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்து, 1892 இற் கொழும்பில் சாகிராக் கல்லூரி தோன்றுதற்கும் ஊக்கமளித்தவர் அவர். அவருக்கு உற்றதுணைவராயிருந்த சித்திலெவ்வை 1885 இல் எழுதிய அசன்பேயுடைய கதையே ஈழத்தின் முதற் தமிழ் நாவல் எனப்படுகின்றது. அதே சதுக்கத்தில் 1956 ஜூலை 26 ஆம் நாள் நாசர் சுயெசுக் கால்வாயைத் தேசியமயமாக்கியதை அறிவித்தார். இத்துணைச் செய்திகளும் நிகழ்ந்த இடத்தில், மழைக்குக் கடைத்தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றவர்களோடு யானும் ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் நின்ற பழைய புத்தக வியாபாரி, இலங்கை என்றதும், "உராபியின் ஊர்" என்றார். உராபிக்கு அது சிறை. அம்மனிதரின் நினைவில் அது ஊர். வெயிலாயிருந்தால் இருவரும் தத்தம் வழியே போயிருப்போம்.

இனி, என் கருத்துக்கு மாறாகச் சொல்லத்தக்கனவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, மாரியிற் போவோன் பலவற்றை இழக்கின்றான். கடலாட முடியாது. பகல் குறுகியது. இரண்டு நாள் மழையினால் யான் அறையை விட்டு வெளியேறவில்லை. சிறு பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. இவ்விழப்பு மெய்யானது. களிப்புக்காகச் செல்வோர் களிப்புக்குரிய காலத்திற் செல்லட்டும்; அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அறிதற்பொருட்டுச் செல்வோருக்கே என் சொல் உரியது.

இரண்டாவது, எல்லாரும் மாரியிற் செல்லத் தொடங்கினால் அதுவும் கூட்டக்காலமாகிவிடும் அன்றோ எனலாம். அத்துணைப் பேரைத் திசைதிருப்பும் வல்லமை எம் மலருக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் இதனை விளையாட்டாக விடுதற்கில்லை. வெனிசு நகரின் தீவுப்பகுதியில் 1951 இல் ஏறத்தாழ 175,000 மக்கள் வாழ்ந்தனர். 2022 இல் அத்தொகை 50,000 இற்கும் கீழாகிற்று. வந்துபோவோர் பெருகப் பெருக வாழ்வோர் அகன்றனர். 2024 இல் அந்நகராட்சி, நெரிசல் மிக்க 29 நாட்களுக்கு, ஒரு பகற்பொழுது மாத்திரம் தங்க வருவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிட்டது. ஊருக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வாங்கவேண்டிய நிலை, ஊர் என்பது ஊராயிருத்தலை விட்டுக் காட்சிச்சாலையாகத் தொடங்கியதன் அறிகுறி. வருவோர் ஆண்டு முழுவதும் பரவலாக வந்தால் இத்தீங்கு ஓரளவு குறையும்.

மூன்றாவது ஆட்சேபமே வலிது. காலமல்லாக் காலத்தைப் புகழ்வோன், அக்காலத்தால் வருந்துவோரை மறந்து பேசுகின்றான் என்பது அது. யான் தங்கிய விடுதியிற் கோடையில் ஆறுபேர் பரிமாறுவர், மாரியில் இருவர். மற்றை நால்வரும் ஊதியமின்றி ஊர் போய்விடுவர். மீனவர் நிலையை முன்னரே சொன்னேன். இவர்களுக்கு மாரி கவிதையன்று. ஆனால் இவ்வாட்சேபம் என் கருத்தை வீழ்த்தவில்லை, அதனைத் திருத்துகின்றது. மாரியிற் போவோன் இரசிகனாகப் போகலாகாது. விருந்தினனாகப் போதல் வேண்டும். வெறுமையை அழகென்று கூறிக்கொண்டு திரியாமல், திறந்திருக்கும் சிறு கடையில் உண்டு, பேரம் பேசாமற் பணங்கொடுத்து, கேட்டறிந்து திரும்புதல் வேண்டும். கோடையிற் சென்று செலவிடும் நூறு உரூபா பெருவெள்ளத்தில் ஒரு துளி. மாரியில் அதே நூறு உரூபா ஒருவன் வீட்டு அடுப்பை எரிக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. நம்மவர் பலர் 1980 களின் பின் ஐரோப்பாவெங்கும் பரந்து வாழ்கின்றனர். சிசிலித் தீவின் துறைமுகமாகிய பலெர்மோவிலும் ஈழத்தமிழர் பல்லாண்டாகக் குடியிருந்து உழைக்கின்றனர். அத்தகைய பட்டினங்களைக் கோடையிற் காணும் பிரயாணி, பளிங்குக் கோயிலையும் கடலையும் கண்டு திரும்புவான். ஆனால் அங்கே உழைக்கும் மனிதன் காணும் நகரம் வேறு: பெப்ரவரி மாதத்து அதிகாலை, ஈர வீதி, முதற் பேருந்து, பூட்டிய கடைகளின் நிரை. அவன் வாழும் நகரம் அதுவே. ஓர் ஊரை அதன் தொழிலாளி காண்பது போலக் காணாதவன், அதனைக் கண்டேன் என்று சொல்லல் தகுமோ?

அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கிரேக்கக் கவிஞர் கவாபி, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஏறத்தாழ முப்பதாண்டு எழுதுவினைஞராயிருந்தவர். கோவைகளோடு காலங் கழித்த அவர் அக்காலத்தில் மாரிக்கும் கோடைக்கும் பெரும்பாலும் ஊரை விட்டுப் போகாதவர். 1863 இற் பிறந்த அந்நகரிலேயே 1933 இல் இறந்தார். எழுதுவினைஞர்களையும் ஆசிரியர்களையும் மிகுதியாக உலகுக்கு அளித்த நம் போன்ற கல்லூரியினர்க்கு அவர் அந்நியரல்லர். ஓர் ஊரோடு அதன் எல்லாக் காலங்களிலும் உடனிருந்தவனுக்கே அவ்வூர் தன்னைச் சொல்லித் தரும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. நாம் சில நாட் பிரயாணிகள்; எல்லாக் காலங்களிலும் இருக்க இயலாது. ஒரே ஒரு காலத்தைத் தெரிவுசெய்ய வேண்டுமாயின், அவ்வூர் நமக்காக உடுத்திக்கொள்ளாத காலத்தைத் தெரிவு செய்வோம்.

மாணவர்க்கு ஒரு சொல். டிசெம்பர் விடுமுறை உங்களுக்கு வாய்க்கும் நீண்ட விடுமுறை. பின்னாளில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு தூரதேசம் போக வாய்ப்பு வரும்போது, "இது காலமன்று" என்று எவரேனும் தடுத்தால் தயங்காதீர்கள். ஒரு குடையும், கம்பளிச் சட்டையும், சிறிது வரலாற்றறிவும், வாயைத் திறந்து கேட்கும் துணிவும் இருந்தாற் போதும். அழகிய கடல் என்று சொல்லுமுன், அன்று துறைமுகம் திறந்திருக்கின்றதா என்று மாத்திரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யான் புறப்பட்ட நாட் காலையிற் காற்று அடங்கியது. அம்முதியவரைக் காணலாம் என்று கோட்டைப் பக்கம் சென்றேன். அவர் அங்கு இல்லை. வலையும் இல்லை, படகும் இல்லை. விடை சொல்லாது திரும்பியது எனக்கு வருத்தமாயிருந்தது என்று எண்ண வேண்டா. அவரைக் காணாது திரும்பியதே மனத்துக்கு நிறைவாயிருந்தது.